ஆட்டிசத்துக்குக் காரணம் என்றால் எதற்குக் காரணம்? ஊட்டா ஃப்ரித்தின் ஆய்வுகள் தேடிய நடு மட்டம்

2025 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு கணக்கை வெளியிட்டது. எட்டு வயதுக் குழந்தைகளில் 31 பேருக்கு ஒருவரிடம் ஆட்டிசம் அடையாளம் காணப்பட்டிருக்கிறது என்றது அந்தக் கணக்கு. அதே ஆண்டு செப்டம்பரில் அந்நாட்டு அதிபர், கர்ப்ப காலத்தில் சாப்பிடும் பாராசிட்டமால் மாத்திரையைக் கைகாட்டினார். 'காரணம் கிடைத்துவிட்டது', 'இல்லை, கிடைக்கவில்லை' என்று செய்திகள் மாறி மாறி ஓடின. (ஸ்வீடனில் சுமார் 25 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2024-லேயே வந்திருந்தது. ஒரே தாய்க்குப் பிறந்த குழந்தைகளை ஒப்பிட்டதும் மாத்திரைக்கும் ஆட்டிசத்துக்கும் இருந்ததாகத் தோன்றிய தொடர்பு அதில் காணாமல் போனது. அந்தச் செய்தி இவ்வளவு வேகமாகப் பரவவில்லை.)

இந்த அமளியில் ஒரு கேள்வி மட்டும் எழுவதே இல்லை. எதற்குக் காரணம் தேடுகிறோம்? ஒரு பக்கம் மரபணு, மூளை, மாத்திரை. மறுபக்கம் பேச்சுத் தாமதம், பிறரோடு ஒட்டாமை, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது. இரண்டுக்கும் நடுவே அந்தக் குழந்தையின் மனம் எந்த வேலையை எப்படிச் செய்கிறது? அந்த நடுப்பகுதியைச் சோதனைகள் வழியாகப் பிடிப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டவர் லண்டனின் உளவியல் ஆய்வாளர் ஊட்டா ஃப்ரித். அவருடைய ஆய்வுகளை வரிசையாகப் பார்த்தால் செய்திகளில் வரும் குழப்பத்தில் பாதி தெளிந்துவிடும். மீதிப் பாதி ஏன் தெளியவில்லை என்பதும் தெரியும்.

முதலில் மூன்று மட்டங்கள்

வளர்ச்சிக் குறைபாடு என்பது பிறவியிலோ மிகச் சிறு வயதிலோ தொடங்கி, வளர வளர வெவ்வேறு வடிவங்களில் வெளிப்படும் நிலை. ஆட்டிசம், டிஸ்லெக்சியா (எழுத்தைப் படிக்கக் கற்பதில் உள்ள சிரமம்), கவனக்குறைவு–மிகைச்செயல்பாடு ஆகியவை இதில் அடங்கும். இவற்றைப் பற்றிப் பேசும்போது மூன்று மட்டங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. உயிரியல் மட்டம்: மரபணுக்கள், மூளையின் அமைப்பு, நரம்பிணைப்புகள்.

2. அறிதிறன் மட்டம்: கவனிப்பது, நினைவில் வைப்பது, ஒலிகளைப் பிரிப்பது, பிறர் மனதில் இருப்பதை ஊகிப்பது போன்ற மன வேலைகள். இவை கண்ணால் பார்க்க முடியாதவை. சோதனைகளை வைத்து ஊகிக்க மட்டுமே முடியும்.

3. நடத்தை மட்டம்: வெளியே தெரிவது. மருத்துவர் குறித்துக்கொள்வதும் பெற்றோர் கவலைப்படுவதும் இதைப் பார்த்துத்தான்.

இவற்றுக்கு வெளியே சூழல் இருக்கிறது. வீடு, பள்ளி, மொழி, கிடைக்கும் உதவி என எல்லாமே மூன்று மட்டங்களையும் தொடும்.

ஆட்டிசத்தை உறுதிசெய்ய இன்றும் ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேனும் கிடையாது. நடத்தையை வைத்து மட்டுமே பெயர் சூட்டுகிறார்கள். காய்ச்சலைப் பார்த்து 'இது காய்ச்சல் நோய்' என்று எழுதிக் கொடுப்பது போன்ற நிலை அது. காய்ச்சலுக்கு அடியில் மலேரியா இருக்கலாம், டைஃபாய்டு இருக்கலாம். ஃப்ரித்தின் தலைமுறை ஆய்வாளர்கள் கேட்டது இதைத்தான்: நடத்தைக்கு அடியில் ஒரே ஒரு அறிதிறன் வேறுபாடு ஒளிந்திருக்கிறதா?

தாயைக் குற்றம் சொன்ன காலம்

அவர்கள் தொடங்கிய இடம் தெரிந்தால்தான் இந்தக் கேள்வியின் கனம் புரியும். 1943-இல் அமெரிக்காவில் லியோ கேனர் 11 குழந்தைகளை விவரித்து எழுதிய கட்டுரையோடு ஆட்டிசம் மருத்துவ உலகில் நுழைந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் உளப்பகுப்பாய்வுக்காரர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். பாசம் காட்டாத தாயிடமிருந்து குழந்தை தனக்குள் ஒதுங்கிக்கொள்கிறது என்பது அவர்களுடைய விளக்கம். 'குளிர்பதனப் பெட்டித் தாய்' என்ற கொடூரமான பெயரே புழங்கியது. புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் எழுதிய புத்தகம் இந்தக் கருத்தை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது.

எதிர்ப்பும் அதே சமயத்தில் கிளம்பியது. அமெரிக்க உளவியலாளரும், ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனின் தந்தையுமான பெர்னார்ட் ரிம்லேண்ட், இது நரம்பு மண்டலம் சார்ந்தது என்று 1964-இல் வாதிட்டார். 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் பிரிட்டனில் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. வேறுவேறு கருவிலிருந்து வந்த 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும் மரபணுக்களின் பங்கை இனி ஒதுக்க முடியாது என்றாகிவிட்டது. தாயைக் குற்றம் சொன்ன கோட்பாட்டுக்கு விழுந்த பெரிய அடி அது.

லண்டனுக்கு வந்த மாணவி

ஊட்டா ஃப்ரித் 1941-இல் ஜெர்மனியில் ராக்கன்ஹவுசன் என்ற சிற்றூரில் பிறந்தார். சார்ப்ரூக்கன் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படிக்கப் போய், சோதனை உளவியல் பக்கம் சாய்ந்தார். 1960-களில் மருத்துவ உளவியல் பயிற்சிக்காக லண்டன் மனநல மருத்துவக் கல்வி நிலையத்துக்கு வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். அங்கே பியாட்டெ ஹெர்மெலின், நீல் ஓ'கானர் என்ற இருவர் ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் அதுவரை யாரும் முறையாகச் செய்யாத ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். அதுதான் கட்டுப்பாடான சோதனை. அவர்களிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்து 1968-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அந்த இருவரின் முறையில் இருந்த நுணுக்கம் சாதாரணமாகத் தோன்றும். பத்து வயதுக் குழந்தை ஒன்று சோதனையில் தோற்கிறது. ஆட்டிசத்தால் தோற்றதா, பொதுவான அறிவு வளர்ச்சி தாமதமானதால் தோற்றதா? அதே வயதுக் குழந்தையோடு ஒப்பிட்டால் விடை கிடைக்காது. அதனால் மன வயது ஒத்த குழந்தையைத் தேடிப் பிடித்து ஒப்பிட்டார்கள். பொதுச் சோதனையில் பத்து வயதுக் குழந்தையின் திறன் ஐந்து வயதுக்குரியதாக இருந்தால், ஐந்து வயதுக் குழந்தையோடும், அதே மன வயதுள்ள வேறு குறைபாட்டுக் குழந்தையோடும் சேர்த்து வைத்துப் பார்ப்பது. அதன்பிறகும் மிஞ்சும் வேறுபாடு ஆட்டிசத்துக்கே உரியதாக இருக்கலாம்.

இப்படிச் செய்ததில் ஒரு விநோதம் வெளிப்பட்டது. தொடர்பில்லாத சொற்களின் வரிசையைவிட, பொருளுள்ள வாக்கியம் எல்லோருக்கும் எளிதாக நினைவில் நிற்கும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளோ தொடர்பில்லாத சொற்களையும் நன்றாகவே திருப்பிச் சொன்னார்கள். வாக்கியமாகக் கொடுத்தபோது மற்றவர்களுக்குக் கிடைத்த அளவு கூடுதல் பயன் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நினைவாற்றலில் பழுதில்லை, பொருளைப் பயன்படுத்தும் விதம்தான் வேறு. ஃப்ரித்தின் ஆய்வேடும் இதே தடத்தில் போனது. நிறங்கள், சொற்கள் ஆகியவற்றின் வரிசைகளில் உள்ள ஒழுங்கைக் குழந்தைகள் எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்த்தார். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் கொடுத்த வரிசையின் ஒழுங்கை விட்டுவிட்டுத் தாங்களே ஓர் எளிய ஒழுங்கை அதன்மீது சுமத்துவதைக் கண்டார்.

சாலி, ஆன், ஒரு கோலிக்குண்டு

1982-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் லண்டனில் அறிதிறன் வளர்ச்சிக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கி, ஜான் மார்ட்டனை இயக்குநராக்கியது. 1998 வரை நடந்த இந்தச் சிறிய பிரிவில்தான் ஃப்ரித்தின் பெயர் சொல்லும் ஆய்வுகள் பல நடந்தன. உடனிருந்தவர்கள் ஆலன் லெஸ்லியும், அப்போது ஃப்ரித்தின் ஆய்வு மாணவராக இருந்த சைமன் பாரன்-கோஹெனும்.

மனக் கோட்பாடு என்ற கருத்து அப்போது புதிது. பிறர் மனதில் நம்பிக்கை, விருப்பம், எண்ணம் என்று சில இருக்கின்றன, அவை நம்முடையவற்றிலிருந்து வேறாக இருக்கலாம் என்று புரிந்துகொண்டு, அதை வைத்து அவர் என்ன செய்வார் என்று ஊகிக்கும் திறன் இது. டேவிட் பிரீமாக்கும் கை வுட்ரஃபும் 1978-இல் சிம்பன்சிகளைப் பற்றி இந்தக் கேள்வியை எழுப்பினார்கள். 1983-இல் ஹைன்ஸ் விம்மரும் ஜோசஃப் பெர்னரும் இதைக் குழந்தைகளுக்கான சோதனையாக மாற்றினார்கள். 1985-இல் லண்டன் குழு அதை இரண்டு பொம்மைகளின் சிறு நாடகமாகச் சுருக்கியது.

சாலியிடம் ஒரு கூடை. ஆனிடம் ஒரு பெட்டி. சாலி தன் கோலிக்குண்டைக் கூடையில் போட்டுவிட்டு வெளியே போகிறாள். ஆன் அதை எடுத்துத் தன் பெட்டிக்குள் மறைக்கிறாள். சாலி திரும்பி வருகிறாள். குழந்தையிடம் கேள்வி: "சாலி தன் குண்டை எங்கே தேடுவாள்?"

கூடையைக் காட்டினால் சரி. சாலி பார்க்காததைச் சாலி அறியமாட்டாள் என்று அந்தக் குழந்தைக்குத் தெரிகிறது. பெட்டியைக் காட்டினால், தனக்குத் தெரிந்ததையே சாலிக்கும் தெரிந்ததாக அந்தக் குழந்தை எடுத்துக்கொள்கிறது.

இந்தச் சோதனையின் பலம் பிரதானக் கேள்வியில் இல்லை, பக்கத்தில் இருக்கும் காவல் கேள்விகளில் இருக்கிறது. எந்தப் பொம்மை யார் என்று முதலில் கேட்டார்கள். 'குண்டு உண்மையில் எங்கே இருக்கிறது?', 'முதலில் எங்கே இருந்தது?' என்றும் கேட்டார்கள். கதை புரியவில்லை, மறந்துவிட்டது என்ற சாக்குகளை இவை அடைத்துவிடும். இரண்டாம் முறை நாடகம் போடும்போது குண்டு சோதனையாளரின் சட்டைப்பைக்குப் போனது. பெட்டி, கூடை என்று குழந்தை பழக்கத்தில் சொல்லிவிடக் கூடாதல்லவா? எல்லாக் குழந்தைகளும் காவல் கேள்விகளுக்குச் சரியாகவே பதில் சொன்னார்கள். பிரதானக் கேள்வியில்தான் பிரிவு வந்தது.

- சராசரியாக நாலரை வயதுள்ள வழக்கமான வளர்ச்சிக் குழந்தைகள் 27 பேரில் 23 பேர் சரி.
- டவுன் சிண்ட்ரோம் (கூடுதல் குரோமோசோமால் அறிவு வளர்ச்சி தாமதமாகும் பிறவி நிலை) உள்ள 14 பேரில் 12 பேர் சரி.
- ஆட்டிசம் உள்ள 20 பேரில் 4 பேர் மட்டுமே சரி.

இரண்டாவது வரியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மொழித் திறனை வைத்து அளந்த மன வயது டவுன் சிண்ட்ரோம் குழுவுக்குச் சராசரியாக மூன்றுக்கும் கீழே. ஆட்டிசம் குழுவுக்கு ஐந்தரைக்குப் பக்கத்தில். அதாவது மொழியில் முன்னே நின்ற குழு தோற்றது, பின்னே நின்ற குழு வென்றது. பொதுவான அறிவுத் தாமதம்தான் காரணம் என்று இதன்பிறகு யாரும் எளிதாகச் சொல்ல முடியவில்லை. ஒரு குறிப்பிட்ட மன வேலை மட்டும் வேறாக நடக்கிறது என்பதற்கு இவ்வளவு கூர்மையான சான்று அதற்குமுன் கிடைத்ததில்லை.

குறையாகத் தெரிந்த இடத்தில் ஒரு திறமை

சரி, பிறர் மனதை ஊகிப்பதில் சிரமம் என்றால் பழகுவதிலும் உரையாடுவதிலும் உள்ள சிக்கல் விளங்குகிறது. ஆனால் நுண்ணிய விவரங்களைக் கவனிக்கும் அசாதாரணத் திறன்? சின்ன மாற்றத்தையும் தாங்க முடியாமை? இவற்றுக்கும் சாலியின் கூடைக்கும் சம்பந்தமே இல்லை.

இந்த மிச்சத்தை ஃப்ரித் முன்பே கவனித்திருந்தார். அவரும் அமித்தா ஷாவும் 1983-இல் செய்த ஆய்வில், தள்ளுவண்டி போன்ற ஓர் உருவப்படத்துக்குள் மறைந்திருக்கும் முக்கோணத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். மன வயது ஒத்த மற்றக் குழந்தைகளை ஆட்டிசம் உள்ள குழந்தைகள் தாண்டிவிட்டார்கள். முழுப் படத்தின் ஈர்ப்பு அவர்களைத் திசைதிருப்பவில்லை.

1993-இல் அதே இருவர் இன்னும் ஒரு படி போனார்கள். வண்ணக் கட்டைகளை அடுக்கி, கொடுத்த வடிவத்தை உருவாக்கும் சோதனை ஒன்று உண்டு. ஆட்டிசம் உள்ள பலர் அதில் கெட்டிக்காரர்கள். ஏன்? மாதிரி வடிவத்தையே துண்டு துண்டாகப் பிரித்து, இடைவெளி விட்டுக் காட்டினார்கள். மற்றவர்களின் வேகம் சட்டென்று கூடியது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அந்த உதவியால் பெரிய லாபம் இல்லை, ஏனென்றால் அவர்கள் முழு வடிவத்தை ஏற்கெனவே துண்டுகளாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திறமை எந்தப் படியில் இருக்கிறது என்று இவ்வளவு துல்லியமாகக் கைவைத்துக் காட்டும் சோதனை உளவியலில் அரிது. சாலி–ஆன் சோதனைக்குக் கிடைத்த புகழில் கால்பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

இதிலிருந்து பிறந்த கருத்துக்கு 'மைய ஒருங்கிணைவுப் பலவீனம்' என்று பெயர். வந்துசேரும் விவரங்களைக் கோத்து ஒரே பொருளாக்கும் உந்துதல் பெரும்பாலோரிடம் வலுவாக இருக்கிறது, ஆட்டிசத்தில் அது தளர்ந்திருக்கிறது என்று 1989-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் ஃப்ரித் விளக்கினார். பின்னால் அவருடைய மாணவி ஃப்ரான்செஸ்கா ஹாப்பே இதை மாற்றி எழுதினார். இது பலவீனம் அல்ல, ஒரு பாணி. விவரம் பார்க்கும் பாணிக்கும் முழுமை பார்க்கும் பாணிக்கும் இரண்டு பக்கமும் லாபநஷ்டம் உண்டு.

டிஸ்லெக்சியா: ஒரே குறை, மூன்று மொழிகள்

ஃப்ரித்தை ஆட்டிசத்தோடு மட்டும் சேர்த்துப் பேசுவது வழக்கம். வாசிப்பு ஆய்விலும் அவருக்குச் சமமான பங்கு உண்டு. 1985-இல் வாசிக்கக் கற்பதை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். முதலில் சொல்லை ஒரு படமாக அடையாளம் காண்பது. அடுத்து எழுத்தையும் ஒலியையும் இணைப்பது. கடைசியில் எழுத்துக் கூட்டாமல் சொற்பகுதிகளைச் சட்டென்று பிடிப்பது. டிஸ்லெக்சியா உள்ள குழந்தை முதல் கட்டத்திலிருந்து இரண்டாவதுக்குத் தாவும்போது மாட்டிக்கொள்கிறது என்றார். அடியில் இருப்பது சொல்லின் ஒலிகளைத் தனித்தனியே பிரித்துக் கையாள்வதில் உள்ள சிரமம்.

இந்தக் கருத்துக்கு ஓர் எதிர்வாதம் இருந்தது. எழுத்தும் ஒலியும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று பொருந்தும் இத்தாலியில் டிஸ்லெக்சியா குறைவாகவே கண்ணில் படுகிறது. எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் ஒட்டே இல்லாத ஆங்கிலத்தில் அதிகம். அப்படியானால் இது மூளை சார்ந்ததா, ஆங்கில எழுத்துமுறை உண்டாக்கிய தொல்லையா?

எரால்டோ பவுலேசு, ஃப்ரித் உள்ளிட்டோர் ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலி மொழிகளைப் பேசும் டிஸ்லெக்சியா உள்ள இளைஞர்களை, மூளையின் செயல்பாட்டைப் படமாகக் காட்டும் பெட் ஸ்கேனில் வைத்து ஆராய்ந்து 2001-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வாசிப்பில் இத்தாலியர்கள் மற்ற இருவரைவிட முன்னே இருந்தார்கள். ஒலிகளைக் கையாளும் சோதனைகளிலோ மூன்று குழுவும் ஒரே அளவு பின்தங்கியது. மூளையின் இடப்பக்கப் பொட்டுமடலில் செயல்பாடு குறைந்திருந்ததும் மூவருக்கும் பொது. நடத்தை மட்டத்தில் வேறுபாடு, அறிதிறன் மட்டத்திலும் மூளையிலும் ஒற்றுமை. சூழல், அதாவது மொழியின் எழுத்துமுறை, அந்தக் குறையை ஓரிடத்தில் மறைக்கிறது, இன்னோரிடத்தில் பெரிதாக்குகிறது.

மட்டங்களைப் பிரிப்பதால் என்ன பயன் என்று கேட்பவருக்கு இந்த ஒரு ஆய்வைக் காட்டினால் போதும். வாசிப்பு மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் அந்த இத்தாலியர் பலரிடம் சிக்கலே இல்லை என்று எழுதிவிடுவோம்.

காரணங்களை வரைந்து பார்ப்பது

மார்ட்டனும் ஃப்ரித்தும் 1995-இல் இந்தச் சிந்தனையை ஒரு வரைபட முறையாக்கினார்கள். மேலே உயிரியல், நடுவே அறிதிறன், கீழே நடத்தை. எந்தக் கோட்பாடாக இருந்தாலும் தாளில் மூன்று மட்டங்களிலும் புள்ளி வைத்து அம்பு போட்டுக் காட்ட வேண்டும். குறைபாடுகள் மூன்று உருவங்களில் வரலாம்.

1. உயிரியலில் ஒரே புள்ளி, கீழே வர வர விரியும். ஃபீனைல்கீட்டோனூரியா என்ற நிலையில் ஒரு மரபணுவின் பழுதுதான் தொடக்கம். அதிலும்கூடச் சூழலுக்கு இடமுண்டு. பிறந்தவுடன் கண்டுபிடித்து உணவுக் கட்டுப்பாடு தொடங்கினால் அறிவு வளர்ச்சி பாதிக்கப்படாமல் காக்கலாம்.

2. மேலே பல புள்ளிகள், நடுவிலும் பல, கீழே ஒரே வகை நடத்தை. பெயர் ஒன்றுதான், காரணங்கள் பல.

3. மேலே பல காரணங்கள், நடுவில் ஒரே புள்ளியில் கூடி, கீழே மறுபடி பலவாக விரிபவை. தாளில் எக்ஸ் எழுத்துப்போல் இருக்கும்.

ஆட்டிசம் மூன்றாவது வகை என்று அந்தக் குழு எதிர்பார்த்தது. மரபணுக்கள் எத்தனையோ இருக்கட்டும், எல்லாம் ஒரு மன வேலையில் வந்து குவியும், அதைப் பிடித்தால் போதும். அழகான நம்பிக்கை. அது நிலைத்ததா?

இடித்த இடங்கள்

நிலைக்கவில்லை. ஒரே நாளில் உடையவில்லை, நான்கைந்து பக்கங்களிலிருந்து தேய்ந்தது.

சாலி–ஆன் சோதனையில் தேர்ச்சி பெற்ற அந்த 4 பேர்தான் முதல் தொல்லை. ஆட்டிசத்தின் அடிப்படையே இந்தக் குறைதான் என்றால் 20 பேரில் 4 பேர் எப்படி வெல்ல முடியும்? ஆட்டிசம் உள்ள, பேச்சுத் திறன் மிக்க பெரியவர்கள் இதைவிடக் கடினமான சோதனைகளிலும் தேறினார்கள். அவர்கள் மெனக்கெட்டு யோசித்துத் தேறுகிறார்கள், தன்னியல்பாக அல்ல என்பது ஃப்ரித் தரப்பின் பதில். 2009-இல் அட்சுஷி செஞ்சுவோடு சேர்ந்து செய்த ஆய்வு இதற்குச் சான்றாக வந்தது. கேள்வி கேட்டால் ஆஸ்பெர்கர் சிண்ட்ரோம் (பேச்சும் அறிவும் தாமதமாகாத ஆட்டிச வகைக்கு அப்போது இருந்த பெயர்) உள்ளவர்கள் சரியாகச் சொன்னார்கள். கேட்காமல் கண்ணசைவை மட்டும் பதிவுசெய்தபோது, அவர்கள் கண்கள் சரியான இடத்தை முன்கூட்டிப் பார்க்கவில்லை. ஆனால் இந்த வகைக் கண்ணசைவுச் சோதனைகளை வழக்கமான வளர்ச்சி உள்ளவர்களிடமே மற்ற ஆய்வகங்கள் திரும்பச் செய்தபோது பல முறை அதே முடிவு வரவில்லை. அடித்தளம் ஆடுகிறது.

இரண்டாவது, தோல்வி ஆட்டிசத்துக்கு மட்டும் உரியதல்ல. காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்து, சைகை மொழியைத் தாமதமாகக் கற்ற காது கேளாத குழந்தைகள் பலரும் சாலியின் கேள்வியில் தடுக்கிவிழுகிறார்கள் என்று 1995-இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. பிறர் மனதைப் பற்றிய பேச்சு காதிலோ கண்ணிலோ விழாமல் வளர்வதும் அதே விளைவைத் தரலாம்.

மூன்றாவது எதிர்ப்பு அதே ஆய்வுப் பிரிவுக்குள் பணியாற்றிய அன்னெட் கார்மிலோஃப்-ஸ்மித்திடமிருந்து வந்தது. பெரியவருக்கு மூளையில் அடிபட்டால் ஒரு திறன் போய் மற்றவை அப்படியே இருக்கலாம். குழந்தையின் மூளை தன்னைத்தானே கட்டிக்கொண்டிருக்கிறது. ஆரம்பத்தில் ஏற்படும் சின்ன வேறுபாடு வளர வளர எல்லா இடத்துக்கும் பரவும். ஆகவே ஐந்து வயதில் 'இந்தப் பகுதி மட்டும் பழுது, மற்றதெல்லாம் சரி' என்று சொல்வதே தப்பு என்றார். எனக்குப் பட்டவரை எல்லா விமர்சனங்களிலும் ஆழமானது இதுதான். ஒரு கணத்தில் எடுத்த சோதனை முடிவை வளர்ச்சியின் கதையாகப் படிக்கும் பழக்கத்தை அது நேராகத் தாக்குகிறது.

அப்புறம் ஹாப்பேயும் ஏஞ்செலிக்கா ரொனால்டும் ராபர்ட் பிளோமினும் 2006-இல் எழுதிய கட்டுரை. பழகுவதில் சிக்கல், உரையாடலில் சிக்கல், திரும்பத் திரும்பச் செய்தல் ஆகிய மூன்றும் மக்கள்தொகையில் ஒன்றோடொன்று பலவீனமாகவே சேர்ந்து வருகின்றன, அவற்றை ஆளும் மரபணுக்களும் பெரும்பாலும் வெவ்வேறு என்று இரட்டையர் தரவுகளைக் காட்டி வாதிட்டார்கள். ஆட்டிசத்துக்கு ஒற்றை விளக்கம் தேடுவதை விட்டுவிடுங்கள் என்பதே அவர்கள் சொன்னது. சொன்னவர்களில் ஒருவர் ஃப்ரித்தின் சொந்த மாணவி என்பது இந்தத் துறையின் நல்ல குணம்.

இன்னொரு குரல் ஆய்வகத்துக்கு வெளியிலிருந்து வந்தது. தானே ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டிஷ் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012-இல் கேட்டார்: புரிதல் தவறுவது இருவருக்கிடையே நடப்பது, அதை ஏன் ஒருவர் தலையில் மட்டும் கட்டுகிறீர்கள்? ஆட்டிசம் இல்லாதவர்களும் ஆட்டிசம் உள்ளவர்களின் மனதைப் படிக்கத் தவறுகிறார்கள் என்பதை அதன்பின் வந்த சோதனைகள் பல காட்டியிருக்கின்றன.

எல்லை விரிந்த விதம்

முதலில் சொன்ன 31-க்கு ஒருவர் என்ற கணக்குக்கு இப்போது வரலாம். 1966-இல் விக்டர் லோட்டர் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பகுதியில் எடுத்த கணக்கில் 10,000 குழந்தைகளுக்கு 4.5 பேர். இடையில் எண்ணப்படும் பொருளே மாறியிருக்கிறது. 1979-இல் லோர்னா விங்கும் ஜூடித் கூல்டும் லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் செய்த ஆய்வு, கேனரின் குறுகிய வரையறைக்கு வெளியேயும் அதே வகைச் சிக்கல்கள் உள்ள குழந்தைகள் இருப்பதைக் காட்டியது. வியன்னா மருத்துவர் ஹன்ஸ் ஆஸ்பெர்கர் 1944-இல் ஜெர்மனில் எழுதிய கட்டுரையை 1981-இல் விங் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். 1991-இல் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டவர் ஃப்ரித். (ஆஸ்பெர்கர் நாஜி ஆட்சியில் குழந்தைகளைக் கொலைக்கூடமாக இருந்த ஒரு விடுதிக்கு அனுப்பியதற்கான ஆவணங்களை 2018-இல் வரலாற்றாளர் ஹெர்விக் செக் வெளியிட்டார்.) நன்றாகப் பேசும், படிப்பில் தேறும் பிள்ளைகளும் பெரியவர்களும் இதன்வழி வரையறைக்குள் வந்தார்கள். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு எல்லா உட்பிரிவுகளையும் ஒரே 'ஆட்டிசம் நிறமாலை'யில் கரைத்துவிட்டது. விழிப்புணர்வும் பரிசோதனை வசதியும் கூடின. எண்ணிக்கை உயர்வில் பெரும் பங்கு இவற்றுக்கு உண்டு. முழுப் பங்கா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

2006-இல் பணி ஓய்வு பெற்ற ஃப்ரித் அண்மை ஆண்டுகளில் இந்த விரிவைப் பற்றி வெளிப்படையாகக் கவலைப்பட்டு வருகிறார். பேச்சே வராத குழந்தையையும், நாற்பது வயதில் முதன்முறையாகப் பெயர் சூட்டப்பட்ட ஒருவரையும் ஒரே ஆய்வுக் குழுவில் போட்டால் சராசரியில் எதுவும் மிஞ்சாது என்பது அவர் வாதம். தங்கள் கஷ்டத்துக்குக் காலம் கடந்தாவது ஒரு பெயர் கிடைத்த பெரியவர்கள் பலர் இதை மறுக்கிறார்கள். ஆதரவு பெறும் வழியை அது அடைத்துவிடும் என்பது அவர்கள் அச்சம். இரண்டு தரப்பும் பேசுவது வேறுவேறு பயன்களைப் பற்றி. ஒருவருக்கு உதவி கிடைக்கப் பயன்படும் பெயர், காரணத்தைத் தேடும் ஆய்வுக்கும் பொருத்தமாக இருக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. அந்த வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், எக்ஸ் என்று எதிர்பார்க்கப்பட்ட ஆட்டிசம் இன்று இரண்டாவது உருவத்துக்கு நகர்ந்துவிட்டது: காரணங்கள் பல, ஒட்டிய பெயர் ஒன்று. மாத்திரைச் செய்தியைப் படிக்கும்போது இதை மனதில் வைக்கலாம். அப்படிப்பட்ட ஒரு தொகுப்புக்கு ஒற்றைக் காரணம் கிடைத்ததாக யார் சொன்னாலும், நடு மட்டத்தில் அது எந்த வேலையை மாற்றுகிறது என்று கேட்கலாம். பெரும்பாலும் பதில் வராது.

நடு மட்டத்திலிருந்தே தொடங்கும் முயற்சிகளும் நடக்கின்றன. கேம்பிரிட்ஜில் டங்கன் ஆஸ்டிலும் சக ஆய்வாளர்களும் கற்பதில் சிரமப்படும் 530 குழந்தைகளை, என்ன பெயர் சூட்டப்பட்டிருக்கிறது என்று பாராமல், நினைவு, ஒலி, பகுத்தறிதல் போன்ற சோதனை மதிப்பெண்களை மட்டும் கணினிக்குக் கொடுத்துப் பிரித்தார்கள். 2019-இல் வந்த அந்த முடிவில் நான்கு குழுக்கள் கிடைத்தன. ஒன்றில் எல்லாத் திறனிலும் பரவலான சிரமம். ஒன்றில் ஒலிகளைக் கையாள்வதில் சிரமம். ஒன்றில் நடப்பு நினைவில், அதாவது ஒரு வேலை முடியும்வரை விவரங்களை மனதில் பிடித்துவைப்பதில் சிரமம். இன்னொன்றில் வயதுக்கேற்ற திறன். எந்தக் குழந்தை எந்தக் குழுவில் விழும் என்பதை அதன் மருத்துவச் சீட்டில் எழுதியிருந்த பெயரை வைத்துச் சொல்ல முடியவில்லை.